நான்கு வீட்டுக்கு ஒரு பிளக்

விடியற்காலையில் பியூஸ் போனால் எங்கள் வடாரத்தில் முதலில் அறிந்துகொள்பவர் என் அண்ணிதான். மற்றவர்கள் விளக்கு அணைந்த பிறகு விழிப்பார்கள். அண்ணி கிரைண்டர் பக்கத்தில் உட்கார்ந்து உளுந்தைக் கையால் தள்ளிவிட்டுக்கொண்டிருப்பார். கல் ஒரு நொடி முனகும், நின்றுவிடும்.

"தம்பி, எந்திரி. மறுக்காவும் போயிருச்சு" என்று என் போர்வையை இழுப்பார். நான் டார்ச்சையும் பியூஸ் கம்பியையும் எடுத்துக்கொண்டு நடையில் இருக்கும் மெயின் போர்டுக்குப் போவேன். அதற்குள் மூன்று வீட்டுக் கதவுகளும் திறந்து, மூன்று வீட்டுக்காரர்களும் கிரைண்டர் இருக்கும் எங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

ஒரு முற்றத்தைச் சுற்றி வரிசையாகக் கட்டி வாடகைக்கு விடும் வீடுகளை மைசூரில் வடாரம் என்பார்கள். எங்களுடையது அக்ரஹாரத்தில் ஒரு சந்துக்குள் இருந்தது. முற்றத்தின் நடுவில் ஒரு குழாய். பெரிய வீட்டில் ஓனரம்மாவும் அவர் மகளும் இருந்தார்கள். எதிர் வீட்டில் ரயில்வேயில் வேலை பார்க்கும் ஒரு தமிழர், மனைவியுடன். மூன்றாவதில் தனி ஆளாக ஒரு கன்னடத் தையல்காரர். குழாயை ஒட்டினாற்போல் இருந்த நான்காவது வீட்டில் அண்ணன், அண்ணி, நான். நான்கு வீட்டுக்கும் சேர்த்து ஒரே மீட்டர், ஒரே மெயின் பியூஸ். மீட்டர் அதுவரைக்கும் ஓனரம்மாவின் மாமனார் பெயரிலேயே இருந்தது. அவர் காலமாகிப் பல வருஷங்கள் ஆகியிருந்தன. பெயர் மாற்றாமல் கூடுதல் லோடு கேட்க முடியாது, பெயர் மாற்றப் பங்காளிகள் கையெழுத்துப் போட வேண்டும், பங்காளிகள் பேசிக்கொள்வதில்லை.

நாங்கள் தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் பாலாறு செக்போஸ்ட்டைத் தாண்டி மூட்டை முடிச்சோடு வந்தவர்கள். அண்ணன் கொத்தனார். மழை மாதங்களில் அவருக்கு வேலை இருக்காது. அப்போதெல்லாம் எங்கள் வீட்டை ஓட்டியது அண்ணியின் கிரைண்டர்தான். விடியலில் அரைத்தால் சாயங்காலத்துக்குள் மாவு பொங்கிவிடும், அக்கம்பக்கத்துத் தெருக்காரர்கள் பாத்திரத்தோடு வந்து வாங்கிப் போவார்கள். பகலில் அரைக்கலாம் என்றால் காலை எட்டு மணிக்கு லோடு ஷெட்டிங். பத்து மணிக்குக் கரண்ட் திரும்பி வந்தாலும் வோல்டேஜ் இறங்கிக் கிடக்கும், கல் நகராது. ஐந்திலிருந்து எட்டு வரைதான் அண்ணிக்கு நேரம். மைசூர்க் குளிரில் மற்ற எல்லோருக்கும் வெந்நீர் தேவைப்படுகிற நேரமும் அதுவே. வாளித் தண்ணீரில் தொங்கவிடும் ஹீட்டரை இங்கே காயில் என்பார்கள். ஒரு காயிலும் கிரைண்டரும் சேர்ந்தாலோ, இரண்டு காயில் சேர்ந்தாலோ பியூஸ் போய்விடும்.

கனமான பியூஸ் கம்பி போட்டால் தீர்ந்தது என்று அண்ணன் சொல்வார். பியூஸ் போகாதுதான். அதற்குப் பதிலாகச் சுவருக்குள் இருக்கும் பழைய ஒயர் எரியும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். எலக்ட்ரிகல் டிப்ளமோ வாங்கி, ஹெப்பாளில் சுவிட்ச்போர்டு செய்யும் ஒரு தொழிற்சாலையில் அப்ரண்டிஸாக இருந்தேன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அண்ணன் பேச்சை நான் கேட்டதில்லை.

ஒருநாள் ஓனரம்மா எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். எங்களோடு பேசும்போது தமிழும் கன்னடமும் அவர் வாயில் ஒன்றாகக் கலந்து வரும்.

"நோடம்மா, நான் கெட்டவ அல்ல. ஆனா தினா தினா வீடெல்லாம் கத்தலே" என்றார். கத்தலே என்றால் இருட்டு. "அடுத்த மாசம் என் மகளைப் பார்க்க பெங்களூர்ல இருந்து வர்றாங்க. முந்தின நாளே வந்து தங்கறாங்க. அன்னிக்கு பெளிகே பியூஸ் போச்சுன்னா, உன் கிரைண்டர் இந்த வடாரத்துல இருக்கக் கூடாது." பெளிகே என்றால் காலை.

"காயிலு நாலு இருக்குதுங்க. கிரைண்டரு ஒண்ணுதானுங்க" என்றார் அண்ணி.

"காயில் இல்லாம ஸ்நானம் எப்படிம்மா? கிரைண்டர் இல்லாம நாங்க மூணு வீட்டுக்காரங்களும் சாப்பிட்டுட்டுத்தான் இருக்கோம், அல்லவா?"

அண்ணி கல்லைக் கழுவப் போனார். அதற்குப் பதில் என்னிடம் இருக்கிறது என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பழைய இரும்புக் கடையில் நான்கு காண்டாக்டர்கள் தேடி எடுத்தேன். காந்தம் இழுத்தால் மூடிக்கொள்ளும் பெரிய சுவிட்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றை ஒரு தகரப் பெட்டிக்குள் பொருத்தினேன். ஒவ்வொரு வீட்டிலும் காயில், கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி மாதிரி கனமான சாமான்களுக்கென்று தனியாக ஒரு பிளக் பாயிண்ட், ஒரு சுவிட்ச், ஒரு சிவப்பு விளக்கு. யார் முதலில் சுவிட்ச் போடுகிறார்களோ அவர்களுக்கு லைன் கிடைக்கும். மற்ற மூன்று வீட்டிலும் சிவப்பு எரியும், அங்கே சுவிட்சைப் போட்டாலும் ஒன்றும் நடக்காது. முதல் ஆள் அணைத்தால்தான் அடுத்தவருக்கு. விளக்கு லைனில் காயிலைச் சொருகி ஏமாற்ற நினைப்பவர்களுக்காக ஒவ்வொரு வீட்டு விளக்கு லைனுக்கும் மெல்லிய பியூஸ் போட்டுவிட்டேன். ஏமாற்றினால் அவர் வீடு மட்டும் இருட்டாகும்.

முதல் இரண்டு நாள் பியூஸ் போகவில்லை. ஓனரம்மா தன் வீட்டுக்கு வந்த சொந்தக்காரருக்குப் பெட்டியைத் திறந்து காட்டினார். அண்ணன் தன்னோடு வேலை செய்கிறவர்களை வழியிலேயே கூட்டிவந்து, "என்ற தம்பி பண்ணுனது" என்று தகரத்தைத் தட்டிக் காட்டினார்.

மூன்றாம் நாள் காலை எல்லா வீட்டிலும் சிவப்பு எரிந்தது. ஒரு வீட்டில் மட்டும் எரியவில்லை, ரயில்வேக்காரர் வீட்டில். போய்ப் பார்த்தால் காயில் ஆணியில் தொங்குகிறது. வாளி காலி. சுவிட்ச் மட்டும் போட்டிருக்கிறது.

"சார், தண்ணியே வைக்கலை. சுவிட்ச் ஏன் போட்டிருக்கு?"

"நேத்து சாயங்காலமே போட்டுட்டேன் தம்பி. இடம் புடிச்சு வெச்சேன்."

"இடமா?"

"பஸ் ஜன்னல் வழியா துண்டு போடறது இல்லையா? அதேதான். நான் எந்திரிக்க அஞ்சரை ஆவும். அதுக்குள்ள வேற யாராவது ஏறிட்டா?"

அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது நியாயம் என்று எல்லோருக்கும் பட்டது. அடுத்த நாளிலிருந்து நான்கு வீட்டிலும் சுவிட்ச் நிரந்தரமாகப் போட்டே கிடந்தது. உண்மையைச் சொல்லவேண்டும், எங்கள் வீட்டிலும்தான். அண்ணன் போட்டு வைத்திருந்தார். லோடு ஷெட்டிங் முடிந்து கரண்ட் திரும்பும்போது நான்கு காண்டாக்டர்களும் ஒரே சமயத்தில் இழுக்கப் பார்க்கும். தையல்காரர் வீட்டு ஸ்பிரிங் தளர்ந்தது போலிருக்கிறது, ஒவ்வொரு தடவையும் அதுவே முந்தியது. அவர் துணி வெட்டிக்கொண்டிருந்தாலும் லைன் அவருக்குத்தான். ஒருநாள் காலை இரண்டு காண்டாக்டர்கள் சேர்ந்து இழுத்தன. மெயின் பியூஸ் போயிற்று. கல் நின்றது.

ஓனரம்மா கத்தவில்லை. வாசலில் நின்று, "இன்னும் எட்டே நாள்" என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலம் பெட்டியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு கடிகாரம் சேர்க்கலாமா, இன்னும் நான்கு ரிலே சேர்க்கலாமா என்று காகிதத்தில் படம் போட்டுப் போட்டு அடித்தேன். அண்ணி அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"உன்ற பெட்டிக்கு ஒரு கொறையும் இல்ல தம்பி. மனுசருங்கதான் கொறை" என்றார்.

"மனுசருக்காகத்தானே அண்ணி செஞ்சேன்."

"சித்தெ இரு. கொழாயில நம்ம வடாரத்துல சண்டை வந்து பாத்திருக்கிறயா?"

"வரிசை இருக்கு. அதனால வர்றதில்லை."

"வரிசை பஸ் ஸ்டாண்டுலயுந்தான் இருக்குது. அதில்ல. கொழாய்க்கு வாய் ஒண்ணுதான். ஒரு கொடம் அடியில இருந்தா இன்னொரு கொடம் இருக்க முடியாது. நீ வீட்டுக்கொரு வாய் வெச்சுக் குடுத்துட்டு, அப்பறம் மூணு வாயப் பொத்தறதுக்குப் பெட்டி செஞ்சிருக்கிறே."

நான் பென்சிலைக் கீழே வைத்தேன்.

"பிளக்கு ஒண்ணு பண்ணு. நாலு வீட்டுக்கும் ஒண்ணே ஒண்ணு. அது இல்லாம காயிலும் சொருவ முடியாது, கிரைண்டரும் சொருவ முடியாது. கொழாகிட்ட ஆணியடிச்சு மாட்டீரலாம். வேணுங்கறவங்க எடுத்துட்டுப் போவட்டும், முடிஞ்சதும் மாட்டட்டும்."

"எடுத்துட்டுப் போய் வீட்டுலயே வெச்சுக்கிட்டா? அதுவும் துண்டு போட்டாட்டதானே?"

அண்ணி அரிசித் தண்ணீரைச் சாய்த்துவிட்டு யோசித்தார். அந்த யோசனை அவருக்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்றால், இன்னொரு தண்ணீர் ஊற்றிக் களைந்து முடிக்கிற நேரம்.

"கொழா தொறந்திருந்தா தண்ணி ஓடறது தெரியும். கரண்டு ஓடறது தெரியறதில்ல, அதான். கொழாகிட்ட, ஆணிக்கு மேல, ஒரு வெளக்கு வெய்யி. யாரு வீட்டுலயாவது கரண்டு நெசமா ஓடுனாத்தான் அது எரியோணும். சுவிட்சு போட்டதுக்கெல்லாம் எரியக் கூடாது. ஆணியில பிளக்கும் இல்ல, மேல வெளக்கும் எரியலைன்னா, எவனோ சும்மா வெச்சிருக்கறான்னு ஊருக்கே தெரிஞ்சுபோவும்."

சுவிட்ச் போட்டிருப்பது வேறு, மின்சாரம் ஓடுவது வேறு. பரீட்சையில் இதைப் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவன் நான். ரேஷன் கார்டில் தன் பெயரைக்கூட எழுத்துக் கூட்டித்தான் படிப்பார் அண்ணி. அவர் அதை அரிசிப் பாத்திரத்தின் முன்னால் உட்கார்ந்தபடி பிரித்துச் சொல்லிவிட்டார். எனக்கு வெட்கமாக இல்லை. காகிதத்தைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் அவர் சொன்னதை அப்படியே வரைய ஆரம்பித்தேன்.

வேலை சின்னதுதான். நான்கு வீட்டிலும் சாதாரண பிளக் நுழையாத பெரிய சாக்கெட்டாக மாற்றினேன். பெரிய பின் ஒரு முனையிலும், வீட்டுச் சாமான்களின் பிளக்கைச் சொருக மறுமுனையில் சாக்கெட்டும் வைத்து, இடையில் ஒரு முழம் கேபிள். வடாரத்துக்கே அது ஒன்றுதான். விளக்குதான் கஷ்டமாக இருந்தது. வீணாய்ப்போன ஒரு பிரிட்ஜிலிருந்து எடுத்த ரிலே அதற்கு உதவியது. அதன் சுருளில் மின்சாரம் ஓடினால்தான் அது இழுக்கும். ஆனால் கிரைண்டர் இழுக்கும் மின்சாரம் அதற்குப் போதவில்லை. சுருளை நான்கு தடவை பிரித்து, சுற்றுகளைக் கூட்டிக்கூட்டிப் பார்த்தேன். நாலாவது தடவை அண்ணி சுவிட்சைப் போட, கல் சுற்ற, குழாய்க்கு மேலே ஒரு சின்ன மஞ்சள் பல்பு எரிந்தது. அணைத்தார், அணைந்தது. மறுபடி போட்டார். அவர் அதைப் பார்த்துச் சிரித்தது எனக்கு டிப்ளமோ கையில் கிடைத்த நாளைவிடப் பெரிதாக இருந்தது.

வீடு வீடாகப் போய்ச் சொன்னதும் அண்ணிதான். தையல்காரர் உடனே ஒப்புக்கொண்டார், அவர் இஸ்திரி போடுவது பத்து மணிக்கு மேல். துண்டு போட்ட ரயில்வேக்காரர் என்ன சொல்வாரோ என்று பயந்தேன். அவர் பிளக்கைக் கையில் வாங்கி எடை பார்ப்பதுபோல் தூக்கிப் பார்த்தார்.

"அட, இது டோக்கன் இல்ல? சிங்கிள் லைன்ல டிரைவர் கையில டோக்கன் குடுத்தாத்தான் வண்டி நகரும். இருவத்தி ரெண்டு வருஷ சர்வீஸ்ல டோக்கன் இல்லாம ஒரு வண்டி விட்டதில்லை தெரியுமா? இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் சுவிட்ச்ல துண்டு போடறேன்?"

அன்றிலிருந்து அவர்தான் அந்தப் பிளக்குக்குக் காவல். ஆணியில் கோணலாகத் தொங்கினாலும் நேராக்கிவிட்டுப் போவார்.

நான் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. முன்பெல்லாம் காயிலைப் போட்டுவிட்டு மறந்துபோவார்கள். தண்ணீர் கொதித்துக் கிடக்கும், அப்புறம் அதில் இரண்டு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பார்கள். இப்போது குழாயடிக்கு வருகிறவர்கள் எல்லோரும் விளக்கைப் பார்த்தார்கள். ரயில்வேக்காரர் மனைவி கொஞ்சம் கூடுதலாக வைத்திருந்தால் தையல்காரர் குடத்தோடு நின்றபடி குரல் கொடுப்பார்: "ஏன்ரி அக்கா, ஸ்நானத்துக்குத் தண்ணியா, நெல்லு அவிக்கிறீங்களா?" உள்ளேயிருந்து, "உங்க ஊசிக்கு நூல் கோக்கிற நேரம்கூட ஆகலை, சும்மா இருங்க" என்று பதில் வரும். ஆனால் அடுத்த நிமிஷம் விளக்கு அணையும். வெந்நீர் பதமாகும் நேரம் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. நாலு வாளியும், அண்ணியின் இரண்டு ஈடு அரைப்பும் ஐந்துக்கும் எட்டுக்கும் இடையில் மூச்சுத் திணறி அடங்கின. அதன் பிறகு பியூஸ் ஒரு தடவைகூடப் போகவில்லை.

ஓனரம்மா சொன்ன எட்டாம் நாள், பெங்களூர்க்காரர்கள் வந்திருந்தார்கள்.

அன்று காலை அண்ணி முதல் ஆளாக எழுந்து அரிசியை அரைத்து முடித்துவிட்டு, ஐந்தே முக்காலுக்குப் பிளக்கை ஆணியில் மாட்டினார். உளுந்தை அடுத்த முறைக்கு வைத்துக்கொண்டார். ரயில்வேக்காரரும் தையல்காரரும் அவசர அவசரமாக ஒரு வாளி வைத்து முடித்தார்கள். ஆறரைக்கு ஓனரம்மா வந்து பிளக்கை எடுத்துப் போனார். விளக்கு எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது. விருந்தாளிகள் குளிக்கிறார்கள் என்று புரிந்தது. ஏழு மணிக்கு அணைந்த விளக்கு அதன் பிறகு எரியவில்லை. பிளக்கும் ஆணிக்கு வரவில்லை.

ஏழேகால். ஊறிய உளுந்து பாத்திரத்தில் பொங்கி நின்றது. அரிசி மாவு தனியாக இருந்து என்ன பயன்? இன்னும் பத்து நிமிஷம் போனால் எட்டு மணிக்குள் உளுந்து முடியாது. சாயங்காலம் பாத்திரத்தோடு வருகிறவர்களை வெறும் கையாக அனுப்ப வேண்டும்.

"நான் போய்க் கேக்கறேன்" என்று எழுந்தேன்.

"போவாதே" என்றார் அண்ணி. "சம்பந்தம் பேச வந்தவங்க முன்னால போய் நின்னு பிளக்கு கேப்பயா? அந்தப் புள்ளைக்கு மொகம் செத்துப்போவும்."

"அப்போ உளுந்து?"

"வெளக்கு எதுக்கு வெச்சிருக்குது? எரியலைன்னு நமக்குத் தெரியுதல்ல. அவங்களுக்கும் கண்ணு இருக்குது."

ரயில்வேக்காரர் பல் துலக்கியபடி முற்றத்துக்கு வந்தார். காலி ஆணியைப் பார்த்தார், அணைந்த விளக்கைப் பார்த்தார், வாயில் நுரையோடு அங்கேயே நின்றுவிட்டார். தையல்காரர் குடத்தை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் நின்றார். அண்ணியும் உளுந்துப் பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றார். யாரும் பெரிய வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் பல்பைப் பார்த்தார்கள்.

ஓனரம்மா காபி டம்ளர்களைக் கழுவ வெளியே வந்தார். நான்கு பேர் ஓர் அணைந்த விளக்கை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். பாதி கழுவிய டம்ளர்களைக் குழாயடியில் வைத்துவிட்டு உள்ளே போனார். நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி இடுப்பில் இருந்த பாத்திரத்தை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிக்கொண்டார்.

திரும்பி வந்த ஓனரம்மா, கை ஈரமாக இருந்ததால் பிளக்கைப் பட்டுப்புடவை முந்தானையில் சுற்றிப் பிடித்திருந்தார். ஆணியில் மாட்டவில்லை. முற்றத்தைத் தாண்டி எங்கள் வாசலுக்கே கொண்டுவந்தார்.

"தகோம்மா" என்று நீட்டினார். "காபிக்குப் பாலு காய்ச்சறதுல மறந்தே போய்த்து. பையன் வீட்டுக்காரர் கேக்கறார், வெளியே விளக்கு எதுக்குன்னு. எங்க வடாரத்துல கரண்ட் ஓடறதைக் கண்ணால பார்க்கலாம்னு சொன்னேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "நாளைக்குப் பெளிகே அவங்களுக்கு இட்லி போடணும். எனக்கும் ஒரு டப்பா மாவு எடுத்து வை. நல்லா பொங்கினதா" என்றார்.

"வெக்கறனுங்க" என்றார் அண்ணி. உள்ளே வந்து பிளக்கைச் சொருகிய பிறகுதான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கல் சுற்றியது. வெளியே விளக்கு எரிந்தது. ரயில்வேக்காரர் வாய் கொப்பளிக்கப் போனார். அண்ணி உளுந்தைத் தள்ளித் தள்ளிவிட்டுக்கொண்டு, தண்ணீரைத் தெளித்து, நான் மணி சொல்லச் சொல்லத் தலையாட்டினார். எட்டுக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது ஒரு விரலால் மாவைத் தொட்டுத் தண்ணீரில் விட்டுப் பார்த்தார். மிதந்தது. வழித்தெடுத்துக்கொண்டிருக்கும்போதே ஊர் முழுக்கக் கரண்ட் போயிற்று. பெரிய வீட்டில் ரேடியோ நின்றது. மஞ்சள் விளக்கு அணைந்தது.

இனிப் பத்து மணி வரை அந்தப் பிளக்கால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. நான் அதைச் சுருட்டி மூலையில் வைக்கப் போனேன். அண்ணி என் கையிலிருந்து வாங்கினார். அதில் ஒட்டியிருந்த மாவை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் இன்னொரு தரம் துடைத்து, முற்றத்துக்குப் போய் ஆணியில் நேராக மாட்டிவிட்டு வந்தார்.